விறகுத் தீயில் இரும்பு ஏன் கோணுகிறது?

பரோட்டாக் கடைக்காரருக்குக் கல்தான் முதலீடு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இன்னும் விறகில் எரியும் கடைகளில் அந்தக் கல்லை நின்று பார்க்கலாம். விரல் தடிமனுக்கு வெட்டிய இரும்புத் தகடு. பட்டறையிலிருந்து வந்த அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. நாளாக நாளாக நடுவில் குழி விழுகிறது. சில கல்லில் நேர்மாறாக வயிறு தள்ளுகிறது. குழி விழுந்தால் எண்ணெய் நடுவே தேங்கும், ஓரத்துப் பரோட்டா வறண்டுபோகும். வயிறு தள்ளினால் எண்ணெய் ஓரத்தைப் பார்த்து ஓடும், நடுவில் கிடப்பது கருகும். கல்லைப் புரட்டிப் போட்டுக் கொஞ்சகாலம் ஓட்டலாம். அதற்குப் பிறகு எடைக்குப் போட வேண்டியதுதான்.

விறகடுப்பின் கம்பித்தட்டு நெளிவதும், கல்யாணச் சமையலில் அண்டாவைத் தாங்கும் முக்காலியின் கால் ஒருபக்கம் சாய்வதும், ரம்பத்தூள் அடுப்பின் தகடு செதில் செதிலாக உதிர்வதும் இதே குடும்பத்து நோய்கள்தான். "மட்ட இரும்பு, சூடு தாங்கல" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் இரும்பு உருகுவது ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில். நன்றாகப் பிடித்த விறகுத் தணல் 800 முதல் 1,000 டிகிரிவரைதான் போகும். உருகும் நிலைக்கு இத்தனை தூரத்தில் இருக்கும்போதே இரும்பு கெடுகிறதென்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். இரும்பின் தரத்தைவிட, அதை எங்கே வைக்கிறோம், எப்படிக் கட்டிப்போடுகிறோம் என்பதில்தான் பெரும்பகுதிக் காரணம் இருக்கிறது என்பது என் முடிவு. அடுப்பைப் பற்றி நம் நாட்டில் எழுபது எண்பது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சூட்டில் நடப்பது, ஆறும்போது தெரிவது

60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் அதன் வெப்பநிலை 600 டிகிரி ஏறுகிறது. சாதாரண இரும்பானால் அது சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையும் சும்மா கிடந்தால் ஒரு கெடுதலும் இல்லை. நீளும், ஆறியதும் பழைய அளவுக்கு வந்துவிடும். நம் பட்டறைகளில் செய்வது வேறு. கம்பியின் இரு முனையையும் ஆங்கிள் சட்டத்தோடு வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். சட்டம் செங்கல்லில் புதைந்து, அவ்வளவு சூடேறாமல் இருக்கிறது. நீள வேண்டிய கம்பிக்கு இடமில்லை.

இங்கேதான் இரண்டாவது விஷயம் சேர்கிறது. 600 டிகிரியில் சாதாரண இரும்பின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 700-ஐத் தொட்டால் கால்வாசிகூட மிஞ்சாது. இடமும் இல்லை, எதிர்த்து நிற்கப் பலமும் இல்லை என்ற நிலையில் கம்பி தனக்குள்ளேயே அமுங்குகிறது, அல்லது பக்கவாட்டில் நெளிகிறது. அமுங்கியதைக் கண்ணால் பார்க்க முடியாது. இரவு தீ அணைந்து ஆறும்போது கம்பி வழக்கம்போல 5 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே அமுங்கிக் குட்டையாகிவிட்டது. இப்போது சட்டத்தை உள்நோக்கி இழுக்கிறது. பற்றவைத்த இடம் விடுகிறது, இல்லையேல் சட்டமே கோணுகிறது. மறுநாளும் இதே கதை. காலையில் அடுப்பைப் பார்த்து "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சேதம் சூட்டில் நடந்து, ஆறிய பிறகு வெளியே வருகிறது.

பரோட்டாக் கல்லில் இதுவே வட்டமாக நடக்கிறது. தீ நடுவில் விழுகிறது, ஓரம் ஆறியிருக்கிறது. நடுப்பகுதி விரியப் பார்க்கிறது. குளிர்ந்த ஓரம் ஒரு வளையம்போல அதை விடாமல் பிடிக்கிறது. விரிவதற்குப் பக்கத்தில் வழி இல்லாததால் நடுப்பகுதி மேலேயோ கீழேயோ போகிறது. எந்தப் பக்கம் என்பது தகடு வாங்கும்போதே இருந்த சிறு வளைவையும் தீயின் போக்கையும் பொறுத்தது. தடிமன் கூடினால் சூடு பரவ நேரம் கிடைக்கும், வளைவதும் கடினமாகும். அதனால் கனத்த கல் நின்று உழைக்கிறது. பெரிய கல்லுக்கு ஒரே இடத்தில் தீ மூட்டாமல் விறகைப் பரப்பி எரிப்பவரின் கல்லும் அதிக நாள் வருகிறது.

"எவர்சில்வரில் செய்துவிட்டால் கோணாது" என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் பணம் வீணாவதால் கொஞ்சம் விளக்க வேண்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் வகை எவர்சில்வர், சாதாரண இரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரிகிறது. அறை வெப்பநிலையில் அது வெப்பத்தைக் கடத்துவதோ இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஓரிடத்தில் தேங்கும், தேங்கிய இடம் மட்டும் அதிகம் விரியும். எனவே நெளிவது கூடுமே தவிரக் குறையாது. செதில் உதிர்வதை அது நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. வார்ப்பிரும்பு இதற்கு எதிர்ப்பக்கம். விரிவது சற்றே குறைவு, வளைவது அரிது. தாங்க முடியாத இடத்தில் விரிசல் விடும். மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் பழுக்கக் காய்ந்தால் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கார்பன் சேர்மம் பிரிந்து கரியாகிறது. துண்டு பருத்து, மேலெல்லாம் மெல்லிய வெடிப்பு ஓடி, ஒருநாள் கையோடு வந்துவிடுகிறது.

பழுக்கக் காய்ந்த கம்பித்தட்டின்மேல் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது அதன் முனைக்குக் கடினம் ஏற்ற. அங்கே எவ்வளவு நேரம் தோய்ப்பது, எந்த நிறத்தில் எடுப்பது என்று கை பழகிய கணக்கு இருக்கிறது. அடுப்பில் அந்தக் கணக்குக்கு வழியில்லை. ஒருபக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கும், மறுபக்கம் சிவந்தே இருக்கும். வார்ப்பிரும்புத் தட்டு வெடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. விறகை வெளியே இழுத்து மண்ணில் அணைப்பதே நல்லது.

தண்ணீர் இருக்கும் பக்கம்

பழைய வீடுகளில் இருக்கும் செம்பு வெந்நீர்ப் பாய்லரைப் போல இந்தக் கேள்விக்குத் தெளிவான சாட்சி வேறொன்றும் இல்லை. நடுவில் தீக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கம்பித்தட்டு. தாத்தா வாங்கிய பாய்லரைப் பேரன் உபயோகிப்பதைப் பார்க்கிறோம். குழாய் தணலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் கோணவில்லை. அதே தணலைத் தாங்கும் அடித்தட்டை மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தீ. வித்தியாசம் மறுபக்கத்தில். குழாயின் பின்னால் தண்ணீர் நிற்கிறது. அது கொதித்தாலும் 100 டிகிரிக்குமேல் போகாது, உலோகத்தையும் கூடவே கீழே பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டுக்கு அப்படிப்பட்ட துணை கிடையாது.

சமையல்கட்டில் இதைத் தெரியாமலே நாம் பயன்படுத்திவருகிறோம். ஈயச் சொம்பு 232 டிகிரியில் உருகிவிடும். அதில் ரசம் வைக்கும் பாட்டிமார் முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். பித்தளைத் தவலைக்குப் பூசிய ஈயம் வெறும் பாத்திரமாகத் தீயில் இருந்தால் வழிந்துவிடும் என்பதும் எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. பாத்திரத்தின் அடியில் மண்ணோ சாம்பலோ குழைத்துப் பூசி விறகடுப்பில் வைப்பதற்குக் கரி ஒட்டாது, தேய்ப்பது சுலபம் என்பதே காரணமாகச் சொல்லப்படும். உலோகத்துக்கும் தீக்கும் நடுவே அந்த மண்பூச்சு ஒரு மெல்லிய தடுப்பாகவும் நிற்கிறது.

பாய்லரின் அடித்தட்டுக்குத் தண்ணீர் துணையில்லை என்றேனே, காற்று இருக்கிறது. கீழிருந்து தணலுக்குள் ஏறும் காற்று கம்பிகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது. போகிறபோக்கில் அவற்றைக் குளிர்விக்கிறது. சாம்பல் குழி நிறைந்து தட்டின் அடிவரை வந்துவிட்டால் இந்தக் காற்று நின்றுபோகும். மேலே தணல், கீழே சூடான சாம்பல் என்று கம்பி நடுவில் மாட்டிக்கொள்ளும். நீராவி எஞ்சின் காலத்துத் தீயாட்கள் சாம்பல் குழியை ஓயாமல் காலி செய்துகொண்டிருந்ததற்கு இதுவும் முக்கியமான காரணம். விறகடுப்பு வைத்திருக்கும் எவருக்கும் ஒரே ஒரு யோசனை சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: தினம் காலையில் சாம்பலை அள்ளிவிட்டு அடுப்பு மூட்டுங்கள்.

சவுக்கு, மட்டை, உப்பு

மூன்றாவது கேடு வேதியியல் வழியே வருகிறது. இரும்பு சுமார் 570 டிகிரியைத் தாண்டும்போது அதன்மேல் படியும் ஆக்சைடின் தன்மை மாறுகிறது. அதற்குக் கீழே மெதுவாக வளர்ந்த படலம் அதற்குமேல் வேகமாகத் தடித்து, ஆறும்போது செதிலாகக் கழன்று விழுகிறது. அடியில் புது இரும்பு தலைகாட்டும், அதுவும் எரியும். இருட்டில் இரும்பு மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும் ஏறத்தாழ இந்த வெப்பநிலையில்தான். ஆகவே கருவி எதுவும் வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாலே போதும். சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் தேய்ந்துகொண்டிருக்கும் இடம். செர்ரிப் பழ நிறத்துக்கு வந்துவிட்டால் 750 டிகிரி. அந்தக் கம்பிக்கு ஆயுள் அதிகமில்லை.

செங்கல்பட்டுக் கரையோரத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இங்கே கிடைக்கும் எரிபொருள்தான் அது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரை மணலில் சவுக்குத் தோட்டங்கள் போட்டதே விறகுக்காக. 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட்டது. சவுக்கு நன்றாக எரியும், தணல் கெட்டியாக நிற்கும். அடுப்புக்கு நல்லதாகப் படும் இந்தக் குணமே கம்பித்தட்டுக்குப் பாரம். முள்ளும் சுள்ளியும் எரிந்தால் சுவாலை எழும்பிப் போய்விடும், சவுக்குத் தணலோ தட்டின்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

தென்னை மட்டையும் உரிமட்டையும் வேறுவிதமாகக் கெடுக்கின்றன. தென்னை மரம் பொட்டாசியத்தையும் குளோரினையும் மண்ணிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும் மரம். இரண்டும் மட்டையிலும் நாரிலும் சேர்கின்றன. எரியும்போது உப்பாவியாக எழுந்து உலோகத்தின்மேல் படிகின்றன. கரை ஒதுங்கிய கட்டை, உடைந்த கட்டுமரத்தின் துண்டு, உப்புக்காற்றில் கிடந்த மரம் என்று மீனவக் குப்பங்களில் எரிப்பது எல்லாவற்றிலும் கடலுப்பு ஊறியிருக்கிறது. 500 டிகிரி அளவில் குளோரின் செய்யும் வேலை பயங்கரமானது. ஆக்சைடுப் படலத்தின் வெடிப்பு வழியாக உள்ளே போய் இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. அது ஆவியாகி வெளியே வருகிறது. வெளியே ஆக்சிஜனைச் சந்தித்ததும் இரும்பை ஆக்சைடாக விட்டுவிட்டுக் குளோரின் மறுபடி விடுதலையாகிறது, மறுபடி உள்ளே போகிறது. கொஞ்சம் உப்பு போதும், தீராமல் திரும்பத் திரும்ப அரித்துக்கொண்டே இருக்கும். பொதுவாகக் குரோமியம் கலந்த எவர்சில்வரைக்கூட இது விடுவதில்லை.

அடுப்பு மூட்ட உடைந்த பிவிசி குழாய்த் துண்டைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிவிசியின் எடையில் பாதிக்குமேல் குளோரின். அது இரும்பை அரிப்பது இருக்கட்டும், பக்கத்தில் நின்று ஊதுகிற பெண்ணின் நுரையீரலுக்குள் அதே புகைதான் போகிறது.

மண்ணிலிருந்து தகட்டுக்கு

அடுப்பைச் சீர்திருத்தும் முயற்சி இந்தியாவில் மண்ணில் தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா பொறுப்பில் இருந்த வார்தா மகன்வாடியிலிருந்து 1947இல் மகன் சூளா என்ற புகைபோக்கி அடுப்பு வந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ். பி. ராஜு ஒரு புகையில்லா அடுப்பை வடிவமைத்து, எல்லா வீட்டுச் சமையலறைக்கும் அது போக வேண்டுமென்று 1953இல் ஆங்கிலத்தில் புத்தகமே எழுதினார். அது அச்சானது சென்னையில். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா மையம் 1980களில் அஸ்த்ரா ஒலெ என்ற மூன்று பாத்திர அடுப்பைத் தந்தது. எல்லாமே மண்ணால் கட்டிய அடுப்புகள். இரும்பு எங்கேயாவது வந்தால் தட்டாக வந்தது, கழற்றிப் போடுகிற உதிரியாக வந்தது.

1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 2002இல் அது நிற்கும்வரை மூன்று கோடிக்கும்மேல் அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் "புகையில்லா அடுப்பு" என்று இன்றும் முதியவர்கள் நினைவுகூருவது இதைத்தான். பெரும்பாலானவை நிலைக்கவில்லை. மண் வெடித்தது, புகைபோக்கி அடைத்துக்கொண்டது, கட்டிக் கொடுத்தவர் திரும்பி வரவில்லை. ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் இப்படிப்பட்ட மேம்பட்ட அடுப்புகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் குறைந்த புகை அதன்பின் குறையவே இல்லை என்று கண்டார்கள். அடுப்பைப் பராமரிக்கவில்லை, சரியாக உபயோகிக்கவும் இல்லை. இந்த முடிவை வைத்து அடுப்புச் சீர்திருத்தமே வீண் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழுதானால் சரிசெய்ய ஆள் வைக்காத எந்தக் கருவியும், கைப்பம்பானாலும் சரி, இப்படித்தான் முடியும்.

மண்ணின் தோல்வியைப் பார்த்தவர்கள் தொழிற்சாலையில் செய்த உலோக அடுப்புக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் உருவாக்கிய 'ராக்கெட்' அடுப்பின் தத்துவம் உலகெங்கும் பரவியது. குறுகிய முழங்கை வடிவக் குழாயில் விறகை எரித்து, சுற்றிலும் வெப்பம் போகாமல் காப்பிட்டால் எரிதல் முழுமையாகும், புகை குறையும். நல்ல யோசனை. ஆனால் உலோகத்துக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண அடுப்பில் தகட்டின் வெளிப்பக்கம் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அந்த நஷ்டம்தான் தகட்டைக் காப்பாற்றும். காப்பிட்டவுடன் வெப்பம் வெளியேற வழியில்லை. தகடும் தீயின் வெப்பநிலையை நெருங்குகிறது. அடுப்பின் திறனைக் கூட்டக்கூட உள்தகட்டின் ஆயுள் குறைகிறது. மெல்லிய தகட்டில் செய்த உள்குழாய் ஓர் ஆண்டுக்குள் ஓட்டை விழுவது இதனால்தான்.

இதை எதிர்கொள்ள இரண்டு பாதைகள் எடுத்தார்கள். ஒன்று, நல்ல உலோகம் தேடுவது. இந்தியாவிலும் விற்பனை செய்த என்விரோஃபிட் நிறுவனமும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து, பலவகை உலோகக் கலவைகளை ஈரக்காற்றிலும் உப்புப் படிவிலும் வைத்துக் காய்ச்சிப் பார்த்தன. இரும்போடு குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த கலவை நன்றாகத் தாங்கியது. மேற்பரப்பில் அலுமினிய ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து காப்பதே அதன் பலம். விலை குறைய வேண்டுமே என்று சிலிக்கன் சேர்த்த கலவையையும் உருவாக்கினார்கள். இரண்டாவது பாதை, தீயைத் தொடும் இடத்தில் உலோகத்தையே விட்டுவிடுவது. பெங்களூர் அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் பிபி நிறுவனம் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் அறிமுகப்படுத்திய ஊர்ஜா அடுப்பின் எரியறைக்கு உள்ளே பீங்கான் வகைப் பூச்சுதான். சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. பின்னால் அது தளர்ந்ததற்குக் காரணம் எரிவில்லைகளின் விலை ஏறியது, எரியறை இல்லை. இலங்கையின் அனகி அடுப்பு இன்னும் எளிது. குயவர் சக்கரத்தில் செய்து சூளையில் சுட்ட இரட்டை வாய் அடுப்பு, அதில் இரும்பே கிடையாது. உடைந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்கிற விலையில் கிடைப்பதால் அது இன்றும் அங்கே புழக்கத்தில் நிற்கிறது.

இரண்டாவது பாதையே நமக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் இரும்பு உருக்கிய பழைய இடங்களில், கொடுமணல் போன்ற அகழாய்வுகளில், உலையின் மிச்சத்தோடு சுடுமண் ஊதுகுழாய்கள் கிடைத்திருக்கின்றன. இரும்பைப் பிழிந்தெடுக்கத் தெரிந்த அந்தக் கொல்லர்கள் தீக்குள் நுழையும் மூக்கை மண்ணில்தான் செய்தார்கள்.

கல்பாக்கத்தில் ஒரு பாடம்

சூட்டில் உலோகம் என்ன செய்யும் என்பதை இந்தியாவிலேயே மிக ஆழமாக ஆராயும் இடங்களில் ஒன்று இதே மாவட்டத்தில், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கு அருகே இருக்கிறது. 1971இல் தொடங்கி 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்ற கல்பாக்கம் நிறுவனம் அது. அங்குள்ள சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக இயங்கு நிலையை எட்டியது. பக்கத்தில் கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் வெப்பத்தை எடுத்துச் செல்லும் உருகிய சோடியம் 397 டிகிரியில் எரிபொருள் பகுதிக்குள் போய் 547 டிகிரியில் வெளியே வரும்படி வடிவமைப்பு. விறகடுப்போடு ஒப்பிட்டால் பெரிய சூடில்லை. ஆனால் அங்கே உலோகம் நாற்பது ஆண்டுகள் நிற்க வேண்டும்.

அதற்காக 316எல்என் என்ற எவர்சில்வர் வகையை எடுத்திருக்கிறார்கள். கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த வகை அது. அதையும் கட்டிப்போடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். சோடியத்தைத் தாங்கும் சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள பெரிய கலம் மேலிருந்து தொங்குகிறது. சூடேறினால் கீழ்நோக்கி நீள அதற்கு இடமிருக்கிறது. நீராவி உண்டாக்கும் பகுதியில் சுமார் 23 மீட்டர் நீளக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் விரிவுக்கென்றே ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். சூடான சோடியமும் குளிர்ந்த சோடியமும் கலக்கும் இடங்களில் வெப்பநிலை நொடிக்கு நொடி ஏறி இறங்குவதால் உலோகம் களைத்து விரிசல் விடும் என்பது அங்கே தனி ஆய்வுத்துறையாகவே நடக்கிறது. ஈர விறகைத் திணிக்கும்போதும், கதவைத் திறந்து குளிர்காற்றை அடிக்கவிடும்போதும் அடுப்புத் தகட்டில் நடப்பது இதன் முரட்டு வடிவம்.

நீராவி எஞ்சின்களிலும் இதே கொள்கைதான் இருந்தது. தணலைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கம்பிகளைப் பற்றவைக்க மாட்டார்கள். தாங்கியின்மேல் தளர்வாக அடுக்கி, முனையில் இடைவெளி விடுவார்கள். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். நம் வெல்டிங் பட்டறைகள் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கம்பியைச் சட்டத்தில் பற்றவைக்காமல் பள்ளம் வெட்டி உட்காரவைக்கலாம். 60 சென்டிமீட்டர் கம்பிக்கு மொத்தம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இடம் போதும். பெரிய தகடானால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நாலைந்து வெட்டு போட்டுவிட்டால், குளிர்ந்த ஓரம் இறுக்கிப் பிடிக்காது. பரோட்டாக் கல்லுக்கு வெட்டு போட முடியாது. அங்கே தடிமனும், தீயைப் பரப்புவதும், கல்லை நாலு மூலையிலும் இறுக்காமல் சும்மா உட்காரவைப்பதும்தான் வழி.

தீயைத் தொடும் உள்பூச்சுக்கு மண் என்றால் எந்த மண்ணும் ஆகாது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பூசினால், உமி எரிந்துபோய்ச் சிறுசிறு துளைகள் விடும். பூச்சு லேசாகும், வெப்பத்தையும் பிடித்து நிறுத்தும், சட்டென்ற சூட்டில் வெடிப்பதும் குறையும். நன்றாகக் காயவிட்டுச் சின்னத் தீயில் இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகே முழுத்தீ போட வேண்டும். சிமெண்ட் பூசக்கூடாது. சுமார் 450 டிகிரியில் அதிலுள்ள சுண்ணாம்புச் சேர்மம் தண்ணீரை விட்டுவிட்டுப் பொடியாகும். மாமல்லபுரம் சுற்றுவட்டாரத்தில் சுலபமாகக் கிடைக்கும் கருங்கல் துண்டுகளை அடுப்புக் கல்லாக வைப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென உப்புகிறது. கல் சில்லுச் சில்லாகத் தெறிக்க அது ஒரு காரணம்.

உதகையிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் உள்ள கணப்பு அடுப்புகளும் இதே விதிகளுக்குள் வருகின்றன. அங்கே கெடுவது பெரும்பாலும் பின்சுவரோடு நிற்கும் வார்ப்பிரும்புத் தகடும் விறகுத் தொட்டியும்தான். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தால் அது நிற்கும், சாந்து பூசி அடைத்திருந்தால் விரிசல் விடும்.

அரசு அளப்பது எதை?

எரிவாயு வந்துவிட்ட பிறகு இதெல்லாம் தேவையா என்ற கேள்வி நியாயமானது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்கு முன்பே, 2006இல் அமைந்த ஆட்சியின்போது தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்புகள் கொடுத்தார்கள். புகையிலிருந்து பெண்களை மீட்டதில் அதன் பங்கு பெரிது. வீட்டுச் சமையலுக்கு எரிவாயு போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் சிலிண்டர் விலை ஏறும் மாதத்திலும், குளிக்க வெந்நீர் போடும் கொல்லைப்புறத்திலும், நெல் அவிக்கும் இடத்திலும், திருமண மண்டபத்துப் பின்கட்டிலும், கோவில் அன்னதானக் கூடத்திலும் விறகு எரிகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நல்ல அடுப்பு கிடைக்க வேண்டாமா?

இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 13152 என்ற தரம் 2013இல் திருத்தப்பட்டது. விறகு அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 25 சதவீதம், மின்விசிறி வைத்ததானால் 35 சதவீதம் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. கரியமோனாக்சைடுக்கும் புகைத்துகளுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த எண்களைப் புது அடுப்பில்தான் அளக்கிறார்கள். கம்பித்தட்டு நெளிந்து காற்றுவழி மாறிய பிறகு, உள்தகட்டில் ஓட்டை விழுந்த பிறகு அந்த அடுப்பு 25 சதவீதம் தருமா என்று யார் பார்ப்பது? கோணிய தட்டில் கரித்துண்டு எரியாமலே கீழே விழுகிறது. ஓட்டையின் வழியே நுழையும் குளிர்காற்று தீயை அணைத்துப் புகையைக் கூட்டுகிறது. 2018இல் வந்த பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 19867-1 தன் தலைப்பிலேயே திறன், புகை, பாதுகாப்பு ஆகியவற்றோடு நீடித்து உழைப்பதையும் சேர்த்திருக்கிறது. நாமும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

அதற்குச் செங்கல்பட்டைவிடப் பொருத்தமான மாவட்டம் சுலபத்தில் கிடைக்காது. உப்புக்காற்றும் சவுக்கும் தென்னை மட்டையும் சேர்ந்து அடுப்பை மிகக் கடுமையாகச் சோதிக்கும் கரை இது. உலோகம் தெரிந்த விஞ்ஞானிகள் கல்பாக்கத்தில் இருக்கிறார்கள், கல்லும் உளியும் அறிந்த கைகள் மாமல்லபுரத்தில் இருக்கின்றன. அரசு விடுதிகளுக்கோ அன்னதானக் கூடங்களுக்கோ பெரிய விறகடுப்பு வாங்கும்போது ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் எழுதினால் போதும். தீயைத் தொடும் பகுதி மண்ணாலோ சுடுசெங்கல்லாலோ இருக்க வேண்டும். கம்பித்தட்டு பற்றவைக்காத தனித்தனிக் கம்பிகளாக, உள்ளூர்ப் பட்டறையிலேயே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். திறனும் புகையும் வாங்கிய அன்று ஒருமுறை, ஆறு மாதம் உள்ளூர் விறகில் எரித்த பிறகு இன்னொருமுறை அளக்கப்பட வேண்டும். பணத்தில் ஒரு பங்கை அந்த இரண்டாவது அளவு வரும்வரை நிறுத்திவைக்கலாம். அடுப்போடு உபரியாக நான்கு கம்பிகளையும் கேட்டு வாங்கி, சமையற்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும்.